நான்காம் இடம்

கூசிலம்பி,
பிப்ரவரி 2

அன்புள்ள ரௌனிக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு என் வீட்டுக்காரர் ஒஸ்மோ லாரியோடு வந்திருந்தார். என்ன ஏது என்று கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் நான்தான் அழுதேன்.

நீ பயிற்சிக்குப் போயிருந்ததால் உன்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அணி டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்து, "ரெண்டு மாசமாமே? எங்ககிட்ட மறைச்சுட்டு உலகப் போட்டிக்கு வரப் பாத்தியா?" என்றார். பயிற்சியாளர் ஹார்யு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் பனிச்சறுக்குத் தொடர் ஓட்டப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். ஆறு வருட உழைப்பு, ரௌனி.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒஸ்மோ, நீ, எங்கள் ஊர் நர்ஸ் ஹில்க்கா. ஒஸ்மோ மாதத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர். நீ என் உயிர். அப்புறம் மிச்சம் யார்? அந்தப் புண்ணியவதியை நான் சும்மா விடுவதாக இல்லை.

என் இடம் உனக்குத்தான் என்று கேள்விப்பட்டேன். வேறு யாராவது என்றால் வயிறு எரிந்திருக்கும். ஒன்று சொல்கிறேன், கேள்: இரண்டாவது சுற்றில் அந்தப் பெரிய ஏற்றத்தில் எவளையும் துரத்தாதே. உன் மூச்சுக்கு ஏறு. இறக்கத்தில் உன்னைப் பிடிக்க ஆள் கிடையாது.

உன்,
ஐலி

பயிற்சி முகாம்,
பிப்ரவரி 6

அன்புள்ள ஐலி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாளை காலை ரயில். இங்கே அணியில் எல்லோருக்கும் ஜலதோஷம். கெர்த்து ராத்திரியெல்லாம் இருமுகிறாள். ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்தாலே லெம்பி எழுந்து போய்விடுகிறாள். "ஐலி இருந்தா இந்நேரம் சமையக்காரியை ஓட ஓட விரட்டியிருப்பா" என்று நேற்று ஹார்யுவே சொன்னார்.

உன் இடத்தை நான் கேட்டு வாங்கவில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

ஹில்க்காவோடு சண்டைக்குப் போகாதே. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்கு வீண் வம்பு? யார் சொன்னால் என்ன, உனக்கு நல்லதாகவே முடியலாம். போனது போகட்டும், ஐலி.

ஏற்றத்தைப் பற்றி நீ சொன்னதை மனதில் வைத்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
ரௌனி

கூசிலம்பி,
பிப்ரவரி 19

என் ரௌனி,

ரேடியோவில் கேட்டோம். கூட்டுறவுக் கடையில் பாதி ஊர் நின்றது. கெர்த்து இரண்டாவதாக வந்து உன்னைத் தட்டி அனுப்பியதும் கடைக்காரர் கல்லாவை மூடிவிட்டு முன்னால் வந்துவிட்டார். அப்புறம் அந்த ஏற்றத்தில் ரஷ்யக்காரியைத் துரத்துகிறாய் என்று சொன்னார்கள். நான் ரேடியோவைப் பார்த்து, "வேணாம்டி, விடுடி அவளை!" என்று கத்தினேன். நீ ஐந்தாவதாக இறங்கி வந்தாய். லெம்பி எப்படியோ நாலாவது இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டாள். மூன்றாவதாக வந்த ஸ்வீடனுக்கும் நமக்கும் இரண்டே வினாடி.

"ரெண்டு வினாடி! நம்ம ஐலி ஓடியிருந்தா மெடலே வந்திருக்கும்" என்றார் கடைக்காரர். நீ கவலைப்படாதே. இவர்களெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தங்கம் வாங்குகிறவர்கள்.

அந்த நேரம் பார்த்து ஹில்க்கா சோப்பு வாங்க உள்ளே வந்தாள். எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்: "வயித்துப்பிள்ள ரகசியத்தைத் தலைநகரம் வரைக்கும் ஊதிட்டு, வெக்கமில்லாம சோப்பு வாங்க வந்தியா?" அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "நான் யார்கிட்டயும் சொல்லலீங்க" என்றாள். "பொய் வேறயா?" என்றேன். சோப்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கடையில் யாரும் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது என்றே சொல்கிறேன்.

சீக்கிரம் ஊர் வா.

உன்,
ஐலி

காயானி,
ஏப்ரல் 14

அன்புள்ள ஐலி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். திரும்பி வரும் ரயிலில் இரண்டு நாள் என்னோடு யாரும் பேசவில்லை. கெர்த்து சீட்டு மாறி உட்கார்ந்தாள். பத்திரிகையில் படம் போட்டிருந்தான், பார்த்தாயா? ஏற்றத்தில் நான் கோலில் சாய்ந்து நிற்கிறேன். கீழே "இங்கேதான் பதக்கம் போனது" என்று எழுதியிருந்தது. அம்மா அதைக் கத்தரித்து அடுப்பில் போட்டாள்.

அடுத்த குளிர்காலத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஹார்யு நாசூக்காகச் சொல்லிவிட்டார்.

ஹில்க்காவிடம் உங்கள் ஊர்ப் பெண்கள் போவதில்லை, நகராட்சி அவளை வடக்கே மாற்றப்போகிறது என்று என் அக்கா சொன்னாள். பாவம் ஐலி, விட்டுவிடு. ஒருவேளை அவள் சொல்லாமலும் இருந்திருக்கலாம் அல்லவா?

உன்னிடம் ஒன்று பேச வேண்டும். கடிதத்தில் எழுத வரவில்லை. நேரில் வரும்போது சொல்கிறேன்.

சிறு வயதில் எட்டு கிலோமீட்டர் பள்ளிக்கு ஒரே தடத்தில் சறுக்கிப் போனவர்கள் நாம். உன் குழந்தைக்கு என்னை ஞானத்தாய் ஆக்குவாயா? இந்த வருடத்தில் எனக்கு நல்லதாக ஒன்றாவது நடக்கட்டும்.

என்றும் உன்,
ரௌனி

கூசிலம்பி,
செப்டம்பர் 21

ரௌனி,

ஏப்ரலில் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நீயும் நேரில் வரவில்லை.

ஆகஸ்டில் ஹார்யு வந்தார். பிள்ளை பிறந்த பிறகு மறுபடி ஓட வருவாயா என்று கேட்கத்தான் வந்தார். பேச்சோடு பேச்சாக, "உன் சிநேகிதி நல்லதுதாம்மா பண்ணா. அவ என் கதவுக்கடியில சீட்டுப் போடலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா பழி யார் தலையில?" என்றார். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். நான் அவருக்குக் காபி ஊற்றினேன்.

டாக்டர் என்னை எப்படியும் தடுத்திருக்கலாம். அது நியாயமாகவும் இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. "எனக்கு உன் இடம் வேண்டும்" என்று நீ என் முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். எட்டாம் நாள் ரேடியோ முன்னால் உனக்காகத்தான் கத்தியிருப்பேன்.

ஆனால் கடையில் நான் ஹில்க்காவைக் கேட்டதை உனக்கு எழுதினேனே. அன்றே உனக்குத் தெரியும். அவளை ஊரை விட்டே மாற்றப்போகிறார்கள் என்று ஏப்ரலில் உனக்குத் தெரியும். "சொல்லாமலும் இருந்திருக்கலாம் அல்லவா" என்று எழுதத் தெரிந்த கைக்கு, "நான்தான்" என்று எழுத வரவில்லை.

ஹில்க்கா வீட்டுக்குப் போனேன். சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நிற்கவைத்து நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே, நான் சொல்லலைன்னு. கடையில போய்ச் சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினாள். போனேன். கல்லா அருகே நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "அப்படியா" என்றார்கள். ஒருத்தி சர்க்கரை என்ன விலை என்று கேட்டாள். மறுநாள் ஹில்க்கா பஸ் ஏறிப் போய்விட்டாள். புது நர்ஸை இன்னும் போடவில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி வலி வந்தது. ஆஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர். பாதி வழியில், மழையில், லாரிக்குள்ளேயே பிறந்தாள். ஒஸ்மோவுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது. குழந்தை அழாமல் கிடந்த அந்த நேரத்தில் என் வாய் ஹில்க்கா பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்று ஒஸ்மோ சொல்கிறார். அப்புறம் அழுதாள். பிழைத்துக்கொண்டோம்.

போன ஞாயிறு ஞானஸ்நானம் ஆயிற்று. ஞானத்தாயாக ஒஸ்மோவின் தங்கை நின்றாள்.

பதக்கம் போனதற்காக ஊர் உன்னைத் திட்டுவது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஓட்டத்தில் தோற்பது தப்பில்லை. யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் அந்த ஏற்றம் கடினமானது என்றுதான் சொல்கிறேன், இனியும் அப்படியே சொல்வேன்.

ஹில்க்காவின் விலாசம் வடக்கே இவாலோ மருத்துவ நிலையம். எழுதுவதாக இருந்தால் அவளுக்கு எழுது. எனக்கு வேண்டாம்.

ஐலி கெம்ப்பி