பாலத்தில் ஒரு துளி பசை

அன்புள்ள ஸ்டியரிங் மாமாவுக்கு,

பெரிய செய்தி மாமா, உட்கார்ந்து படியுங்கள், மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கட்டிய பாலம் நாலு தடவையும் கழன்று விழுந்ததற்கு உங்கள் கை காரணமே இல்லை, முழுக் காரணமும் நான்தான்!

வணக்கம். நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். முறையாகக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. குரல் பதிவு போட்டே வளர்ந்தவள். நான் கிர்ர். பிளாஸ்டிக் கட்டைகளைச் சேர்த்துப் பொம்மை கட்டுகிற நம் இணையக் குழுவில் மோட்டார் சத்தத்தையே பெயராக வைத்துக்கொண்டு ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும் அதே கிர்ர். நீங்கள் குழுவை விட்டு விலகி, கணக்கையும் மூடிவிட்டீர்கள். என்னிடம் மிச்சமிருப்பது, போட்டிக்கு முன்னால் நீங்கள் எனக்கு மோட்டார் அனுப்பிய பார்சல் அட்டையும் அதில் இருந்த விலாசமும்தான். நீலப் பேனாவில், எழுத்துகள் மேலும் கீழும் ஆடி ஆடி. அவசரத்தில் எழுதியிருக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவ்வளவுதான் என் மூளை.

குழுவில் நீங்கள் கடைசியாகப் போட்டது எனக்கு மனப்பாடம். "முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின கை. இப்ப ரெண்டு பிளாஸ்டிக் கட்டையைச் சேர்த்துப் பிடிக்க மாட்டேங்குது. கிர்ர் பொண்ணோட பாலத்தை நாலு தடவை கட்டிட்டேன், நாலு தடவையும் தண்டு கழண்டுடுச்சு. பொண்ணு சரியாத்தான் சொல்லுது, கை நிதானமில்ல. மாசக் கடைசியில கட்டை டப்பா ரெண்டையும் கீழ் வீட்டுக்குக் கொடுத்துடறேன். எல்லாரும் நல்லா இருங்க." இருபத்தேழு பேர் அதன் கீழே அழுகிற முகம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன் மாமா. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான், நானும் ஒரு அழுகிற முகம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

உண்மை இதுதான். கப்பல் வந்தால் நடுவில் பிளந்து மேலே ஏறுகிற அந்தப் பாலம் எனக்கும் நின்றதே இல்லை. திருகாணி மாதிரி இருக்குமே அந்த கியர், அது சுற்றும்போது பல்சக்கரத்தை மட்டும் தள்ளுவதில்லை, தான் உட்கார்ந்திருக்கிற தண்டையும் ஒரு நூல் வெளியே தள்ளுகிறது. நாலு ஐந்து தடவை பாலம் ஒழுங்காக ஏறி இறங்கும். ஆறாவதோ ஏழாவதோ, தண்டு மோட்டாரிலிருந்து நழுவி, பாலம் பொத்தென்று விழும். போட்டி விதி பத்துத் தடவை, ஒரே வீடியோவில், வெட்டு ஒட்டு இல்லாமல். மூன்று நாள் போராடினேன். கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் வீடியோவை அனுப்பியாக வேண்டும். மேசை மேல் அம்மாவின் செருப்பு ஒட்டுகிற பசை இருந்தது.

ஒரே ஒரு துளி. நீங்கள் அனுப்பிய மோட்டாரில்.

பிறகு பாலம் பத்துத் தடவை ஏறியது. அதோடு விட்டேனா? இரண்டு உள்ளங்கையையும் கேமரா முன்னால் விரித்துக் காட்டி, "ஒரு துளி பசை கிடையாது மக்களே, எல்லாம் கிளிக் கிளிக்தான்!" என்றேன். கேட்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன். முதல் பரிசு. குழுவை நடத்துகிற எறும்பு அண்ணன், "நம்ம வீட்டுப் பொண்ணுடா!" என்று மூன்று நாள் அதையே மேலே ஒட்டி வைத்திருந்தார். அந்த ஜோரில் எப்படிக் கட்டுவது என்று படம் படமாகக் குறிப்பும் வெளியிட்டேன். அதில் பசையைத் தவிர எல்லாம் இருந்தது.

வெளியாட்களிடம் சொன்னால் இதுக்கா இவ்வளவு என்பார்கள். நம் ஆட்களுக்குத் தெரியும். இன்றைக்குப் பாலம், நாளைக்குப் பிரித்தால் கிரேன், அதற்கு மறுநாள் காற்றாலை. அதற்காகத்தானே கட்டைகளே. ஒட்டிவிட்டால் அது செத்த கட்டை. உங்கள் மோட்டாரை நான் அப்படிச் சாகடித்தேன்.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. இரண்டாவது தடவை கழன்றபோது நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "தண்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு தாங்கல் வேணாமாம்மா? பஸ் கியர்ப் பெட்டியில ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கும்." அதுதான் விடை என்று படித்த நொடியே தெரிந்துவிட்டது. ஆமாம் என்று சொன்னால், அப்புறம் உன் பாலம் மட்டும் எப்படி நின்றது என்று யாராவது கேட்பார்களே! அதனால், "மாமா, வீடியோவை இன்னொரு தடவை பாருங்க, கை நிதானமா இருந்தா தானா நிக்கும்" என்று எழுதி, இரண்டு சிரிக்கிற முகமும் சேர்த்தேன். அறுபத்தொரு பேர் அதற்கு விருப்பம் போட்டார்கள். உங்கள் கை நடுங்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பசை இருக்கிறது என்று தெரியும்.

அம்மா ஓட்டல் சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறாள். வேலை முடிந்து வந்தவள் என் முகத்தைப் பார்த்து, "என்னடி கண்ணு வீங்கிக் கிடக்கு, எவன்டி அவன்?" என்றாள். எவனும் இல்லை, பசை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சாப்பிட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம்தான் சொன்னாள்: "அந்த மனுஷன் முகம் தெரியாத உன்னை நம்பி மோட்டார் அனுப்பினாரு. நீ அவரு கையை அவரே நம்பாதபடி பண்ணிட்டியேடி." படுக்கப் போனவள் திரும்பி வந்து, "என் செருப்புப் பசையா அது? வீடு பூரா தேடினேனே!" என்று அதற்குத் தனியாகத் திட்டினாள். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாளே நீங்கள் சொன்னபடி கட்டினேன். தண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு துளைக் கட்டை, இரண்டு பக்கமும் ஒரு சின்ன வளையம். பசை இல்லை. பத்து, இருபது, முப்பது... மாமா, நாற்பத்து மூன்று தடவை! பேட்டரிதான் தீர்ந்தது, பாலம் விழவில்லை! நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். கத்தி முடித்ததும் வெட்கமாக இருந்தது. அது நீங்கள் இரண்டே வரியில் சொன்ன விடைதானே.

போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதிவிட்டேன். பரிசை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வீடியோவையும் நீக்கிவிட்டேன். குழுவில்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. பதினொரு தடவை தட்டச்சு செய்து, பதினொரு தடவை அழித்தேன். நானே சொன்னால் அழகாகச் சொல்லிவிடுவேன் மாமா, எல்லாரும் பாவம் பொண்ணு என்பார்கள். அந்தத் திறமை எனக்கு நிறைய. அதனால் ஒரு உதவி. திரும்பக் குழுவுக்கு வாருங்கள். இந்தக் கடிதத்தை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள், ஒரு வரியும் மறைக்க வேண்டாம். இருபதாம் தேதி ஞாயிறு மாலை நாலு மணிக்கு நேரலையில் வருகிறேன். கடிதம் அதற்குள் வந்து சேராவிட்டாலும், நீங்கள் வராவிட்டாலும், சொல்லத்தான் போகிறேன். என் குறிப்பை நம்பிக் கட்டி, பாலம் கழன்று போய், தப்பு தங்கள் மேல் என்று பேசாமல் இருக்கிற எல்லாரையும் அன்றைக்குக் கூப்பிட வேண்டும். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

பார்சலில் உங்கள் மோட்டார் இருக்கிறது, தண்டு ஒட்டியபடியே. அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. பக்கத்தில் ஒரு புது மோட்டார், ஒரு துளைக் கட்டை, வளையங்கள். வளையம் சின்னது, கையில் நிற்காமல் உருளும். எனக்கே ஐந்து தடவை மேசைக்கு அடியில் ஓடியது. அதனால் இரண்டுக்குப் பதில் நாலாகவே வைத்திருக்கிறேன்.

டப்பாக்களைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள் மாமா. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அதைக் கேட்க வாய் வரவில்லை. ஐந்தாவது தடவை ஒன்று கட்டுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். பாலம் எத்தனை தடவை ஏறியது என்று எண்ணி, அந்த எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எழுத்து எவ்வளவு ஆடினாலும் எனக்குப் படிக்க வரும்.

இப்படிக்கு,
உங்களை நிமிர்ந்து பார்க்க முடியாத
கிர்ர்