சித்திரையில் முளைத்தவை

அழகர்கோவில் அடிவாரம்,
3-3-2003

மதிப்பிற்குரிய ஆனிமேரி டீச்சருக்கு,

மலையாண்டி கும்பிட்டு எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி ஜெயக்கொடியும் சுகம். டேராடூன் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா என்று கேட்கச் சொன்னாள். பயிற்சிக்குப் போய் நாலு மாதத்தில் ரெண்டே கடுதாசி போட்டிருக்கிறீர்கள். "டீச்சருக்கு நம்மள மறந்து போச்சு போல"ன்னு தினமும் என்னைக் குத்துகிறாள்.

நல்ல சேதி இல்லை டீச்சர். வெள்ளிக்கிழமை மத்தியானம், நீங்கள் செடி ஆராய்ச்சி செய்கிற நம்ம சரிவில் தீ ஏறிவிட்டது. முன்னே எட்டு வருஷம், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும் தீ. இப்போது நாலு வருஷத்தில் இது மூணாவது. பச்சைத் தழையை ஒடித்து அடித்து அடித்துப் பார்த்தேன். கை கொப்பளித்ததுதான் மிச்சம். மலைக்கொழிஞ்சி ஒரு செடி கூட இல்லை. வேறு எந்த மலையிலும் இது கிடையாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து, கரிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உங்கள் செடிக்குக் காவல்காரன் என்று பேருக்குத்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
மலையாண்டி

டேராடூன்,
17-3-2003

அன்புள்ள மலையாண்டி அண்ணனுக்கு,

கர்த்தர் உங்கள் இருவரையும் சுகமாக வைக்கட்டும். முதலில் கைக்கு மருந்து போடுங்கள். மஞ்சளை அப்பிக்கொண்டு திரியாதீர்கள், உங்களைத் தெரியும் எனக்கு.

செடி போனதற்கு அழ வேண்டாம். கொழிஞ்சி விதையின் ஓடு கல் போன்றது, வருஷக்கணக்கில் மண்ணுக்குள் தூங்கும். தீயின் சூடு பட்டால்தான் ஓட்டில் கீறல் விழும், தண்ணீர் உள்ளே போகும். ஐப்பசி மழை பிடித்ததும் முளைக்கும். ஆனால் போன இரண்டு தீக்குப் பிறகு முளைத்த கன்றுகள் காய்க்கும் முன்பே எரிந்துவிட்டன. புது விதை விழவே இல்லை. இப்போது மண்ணில் கிடப்பது பழைய விதைகள், அவைதான் கடைசி.

அதனால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கொழிஞ்சி இருந்த இடமெல்லாம் நான் வெள்ளைக்கல் வைத்த அந்த இருபது கட்டம்தான்; அதற்குள் ஆடு, ஆள் யாரும் போகக்கூடாது. காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள், போதும். இந்த வெயிலில் அந்த விதைகள் ஐப்பசிவரை கிடக்க வேண்டுமே என்று நினைத்தால் எனக்கே தொண்டை வறள்கிறது.

அன்புடன்,
ஆனிமேரி

அழகர்கோவில் அடிவாரம்,
28-4-2003

டீச்சருக்கு வணக்கம்.

முளைச்சிருச்சு டீச்சர்! இருநூற்றுப் பதினொன்று! மூணு தடவை எண்ணினேன். அம்புட்டும் நம்ம கொழிஞ்சிதான், உங்களை மாதிரியே இலையைக் கிள்ளிப் பார்த்தேன், அம்பு முனை மாதிரிப் பிய்ந்தது.

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு மூணு நாள் நல்ல கோடை மழை. இருபத்திரண்டு, பதினெட்டு, பதினாறு மில்லிமீட்டர். நோட்டில் இருக்கிறது. ஐப்பசி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? ஜெயக்கொடி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். உங்கள் பங்கையும் நானே தின்றேன், கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மலையாண்டி

டேராடூன்,
2-6-2003

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் ஒரு மாதம் பதில் போடவில்லை, மன்னியுங்கள். சித்திரையில் முளைத்தது அக்கினி நட்சத்திரத்தில் எப்படி நின்றிருக்கும்? வேர் இறங்கவே நாலு மாதம் ஈரம் வேண்டுமே. முடிந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை நிற்கின்றன என்று உடனே எழுதுங்கள்.

பூமி சூடேறச் சூடேறத் தீ அடிக்கடி வரும், மழை காலம் தப்பி வரும், தூங்கும் விதை ஏமாந்து விழிக்கும் என்று இத்தனை நாள் காகிதத்தில்தான் படித்தோம். கண்ணால் பார்த்தது நம் சரிவில்தான். போன வாரக் கருத்தரங்கில் உங்கள் நோட்டுக் கணக்கை வைத்துக் கட்டுரை வாசித்தேன். அச்சில் போடக் கேட்கிறார்கள். உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆனிமேரி

அழகர்கோவில் அடிவாரம்,
21-6-2003

டீச்சர்,

வைகாசி பத்தாம் தேதி நாற்பது நின்றது. உங்கள் கடுதாசி வரும்போது ஆறு. காலையும் சாயந்தரமும் சுமந்து ஊற்றினேன். பாறைச்சூட்டில் வேர் வெந்துவிட்டது. நேற்று கடைசியும் போச்சு.

மழை பெய்யவில்லை டீச்சர். ஒரு சொட்டுகூட இல்லை.

பதினோரு வருஷமாக அழகருக்கு ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுவது என் வேண்டுதல். இந்த வருஷமும் பீய்ச்சினேன். சாமிக்கே வெக்கை தாங்காது என்று குளிர்விக்கிறோமே, நம்ம விதை என்ன பாவம் செய்தது என்று தோன்றிவிட்டது. தொண்டை வறள்கிறது என்று நீங்கள் வேறு எழுதியிருந்தீர்கள். மலைமேல் நூபுர கங்கைச் சுனையில் பையை நிரப்பி மூணு நாள் இருபது கட்டத்திலும் பீய்ச்சினேன். ஒன்றும் செய்யாதே என்று சொல்லியிருந்தீர்களே, அந்தப் பயத்தில் மழை என்று எழுதிவிட்டேன். என் பெயர் அச்சில் வருகிறது என்றதும், "உண்மையை நீ எழுதுறியா, நான் யாரையாச்சும் வச்சு எழுதிப் போடவா"ன்னு ஜெயக்கொடி சோறு போடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

திட்டியாவது ஒரு வரி போடுங்கள்.

மலையாண்டி

மதுரை,
9-11-2003

அண்ணனுக்கு,

பயிற்சி முடிந்து நான் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை மலைக்கு வந்தேன். உங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனேன். உள்ளே வர முடியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். பொய்க் கணக்கை வாசித்தவள் என்ற பெயர் எனக்கு. அது போகட்டும். ஈரம் பட்டால் விழித்துவிடும், அதனால் தொடாதீர்கள் என்று ஒரு வரி நான் எழுதியிருக்கலாம். உங்களுக்கு எதற்குக் காரணம் என்று நினைத்துவிட்டேன். முன்பு சேர்த்து வைத்திருந்த எண்ணூறு விதையையும், எவ்வளவு சூட்டில் ஓடு கீறும் என்ற சோதனைக்காக அடுப்பில் சுட்டுத் தீர்த்தவளும் நான்தான். நீங்கள் ஊற்றாமல் இருந்திருந்தாலும் காலம் தப்பிய ஒரு மழையோ அடுத்த தீயோ அதைச் செய்திருக்கும். இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன், மனம் ஆறவில்லை. உங்கள் மேல் கோபம் இருக்கிறது அண்ணே. இல்லை என்று எழுத வரவில்லை.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. இருபது கட்டத்தின் மண்ணையும் சலித்தேன். வெடித்த ஓடுகள் மட்டும் கிடைத்தன. முழு விதை ஒன்றுகூட இல்லை.

நீங்கள் இன்னும் தினமும் காலை எட்டு மணிக்கு மேலே போவதாகக் கோயில் கடைக்காரர் சொன்னார். போகாதீர்கள். இனி அங்கே காவல் காக்க ஒன்றும் இல்லை.

ஆனிமேரி