டோவி கேட்ட நாற்காலி

1965 ஜூலை 6, செவ்வாய்

டோவி காஸ்கின்ஸ் இன்று நான் எழுத்தராக இருக்கும் ஆலை அலுவலகத்துக்கு வந்தாள். எங்கள் சட்டை ஆலையின் இஸ்திரிக் கூடத்தில் பதினோரு வருடமாக நிற்பவள்.

"தையல் கூடத்துல ரெண்டு நாற்காலி காலியாமே, மிஸ் வில்மா? எனக்கு நல்லாத் தைக்க வரும். நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சாம், சர்ச்சுல சொன்னாங்க."

ஜார்ஜியாவில், எங்கள் ஊரில், தையல் கூடத்தில் கறுப்பர் யாரும் உட்கார்ந்ததில்லை. விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 7

முதலாளி ஹாலோவே கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"டோவி மேல எனக்கு ஒரு வெறுப்பும் இல்ல, வில்மா. ஆனா வேலைங்கிறது ரெண்டு பேர் பேசிக்கிற ஒப்பந்தம். எனக்கு இஷ்டமில்லன்னா தர மாட்டேன், அவளுக்கு இஷ்டமில்லன்னா போகட்டும். நடுவுல வாஷிங்டன்காரனுக்கு என்ன வேலை?"

நியாயமாகத்தான் பட்டது. 'காலியிடம் இல்லை' என்று தட்டச்சு செய்து, நானே கையெழுத்திட்டேன்.

ஜூலை 8

காலியிடம் இருந்தது. இரண்டு.

அக்டோபர் 19

டோவியின் புகாரை விசாரிக்க அட்லாண்டாவிலிருந்து அரசு அதிகாரி ஒருவர் வந்தார். அந்த இரண்டு நாற்காலியிலும் இப்போது வெள்ளைக்காரப் பெண்கள். ஒருத்திக்குக் காலர் தைக்கவே தெரியாது. டோவி போகவும் முடியாது. இந்த ஊரில் வேறு ஆலை ஏது? இரண்டு பேர் பேசிக்கொண்ட ஒப்பந்தம் என்றால், அவளிடம் யார் பேசினார்கள்?

இதெல்லாம் இப்போது எழுதுகிறேன். அவர் கேட்டபோது, "அன்னிக்கு இடம் இல்லீங்க" என்றேன். டோவி அறைக்குள்தான் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? என் கணவர் எர்லுக்குப் பயந்தா? வேலைக்குப் பயந்தா? தெரியலையே, கடவுளே.

1966 நவம்பர் 14

டோவியின் வழக்கில் நாளை நீதிமன்றத்தில் என் சாட்சி. "நாம இந்த ஊர்லதான் குடியிருக்கணும், ஞாபகம் வச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு எர்ல் சாப்பிடாமல் எழுந்து போனார்.

நவம்பர் 15

சொல்லிவிட்டேன். இரண்டு இடம் இருந்தது, பொய்க் கடிதம் என்னுடையது, முதலில் சொன்னதும் பொய்.

நவம்பர் 16

ஹாலோவே என் மேலங்கியை எடுத்துக் கையில் கொடுத்தார். "நம்ம ஒப்பந்தம் இன்னியோட முடிஞ்சுது. வேணும்னா நீயும் வாஷிங்டனைக் கூப்பிடு."

கூப்பிடவில்லை. களைத்துவிட்டேன்.

1967 பிப்ரவரி 3

எர்ல் அவர் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பெட்டியோடு.

1969 மே 13

தீர்ப்பு வந்து, மேல்முறையீடும் முடிந்து, ஆலை கடைசியில் டோவிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. என்னை வரச் சொல்லி ஆள் விட்டிருந்தாள். அவள் சமையலறையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்: தையல் கூடத்தில் ஓர் இடம்.

"நாலு வருஷம், வில்மா. அதுக்குள்ள சர்க்கரை வியாதி கண்ணைத் தின்னுடுச்சு. உன் முகமே புகையாத்தான் தெரியுது. நான் எங்க தைக்கிறது?"

கீழே இரண்டு கட்டங்கள். 'ஏற்கிறேன்.' 'என் சொந்த விருப்பத்தின் பேரில் மறுக்கிறேன்.' மூன்றாவது இருக்கிறதா என்று கேட்டாள். தாளைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

"சரி. மறுக்கிறேன்னு எந்த இடத்துல கோடு போடணும்? விரலை வச்சுக் காட்டு."

வைத்துக் காட்டினேன்.