டிபன் கேரியர் துப்பாக்கி

6 ஜூலை 1986, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் வராததுமாக இவர் இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். "தபீதா, குழி குழியா இருக்கே, துப்பாக்கிக்குப் பின்னாடி மாட்டினா வேற்றுகிரகத்து சாமான் மாதிரி இருக்காது?" இருக்கும்தான். நாளைக்கு இட்லிக்கு என்ன செய்வதாம்? தோசை சுடு என்கிறார்.

ஆபீஸ் மனமகிழ் மன்றத்தில் வருஷா வருஷம் நாடகம். எழுதுவது எப்போதும் இவர்தான். இந்த வருஷம் 2086-லிருந்து ஒருவன் துப்பாக்கியோடு ஆபீசுக்குள் வருகிறான். அதன் வெளிச்சம் யார்மேல் பட்டாலும் வாயில் பொய் வராது. சூப்பரின்டெண்ட் மேல் பட்டதும், லீவு லெட்டரில் மாமனாரை மூன்று தடவை சாகடித்ததை அவர் ஒப்புக்கொள்கிறார்.

துப்பாக்கி என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன் கிண்டியில் ரேடியோ கம்பெனியில் ஐந்து வருஷம் சால்டரிங், ஈயம் உருக்கி வயர் பற்றவைக்கும் வேலை, செய்தவள் நான். அதற்கப்புறம் அந்தக் கையால் ரசம் தாளித்ததுதான் மிச்சம்.

13 ஜூலை

மூணு கட்டை டார்ச்தான் குழல். அதைச் சுற்றிப் பழைய ஹீட்டர் காயில் கம்பி. முகப்பில், போன கிறிஸ்மஸ் நட்சத்திரத்திலிருந்து சிவப்புக் கண்ணாடித்தாள். பார்க்க ஜோராக இருக்கிறது. இவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வயிற்று வலியாம். நாடகம் எழுதினால் இவருக்கு ஏதாவது ஒன்று வலிக்கும்.

29 ஜூலை, செவ்வாய்

டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இரைப்பையில் கட்டி. கல்லீரலுக்கும் பரவிவிட்டதாம். மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு. "அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா, மனசு விட்டுடுவாரு." கூட வந்த இவருடைய அண்ணன் அசரியாவும் அதையேதான் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், "என்னவாம்?" என்றார்.

"அல்சர். காரம் ஆகாதாம்."

ஆண்டவரே, எனக்கு எப்படி அது அவ்வளவு சுலபமா வந்துது?

17 ஆகஸ்ட்

குரோம்பேட்டை ஸ்டேஷன் வரைகூட சைக்கிள் மிதிக்க முடியவில்லை. ரிக்‌ஷாவில் போய் வருகிறார். சைக்கிளின் பிரேக் பிடியைத் தானே கழற்றிக் கொண்டுவந்தார், விசைக்கு இது ஆகுமா என்று. கச்சிதமாகப் பொருந்தியது. மொட்டைச் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

2 செப்டம்பர்

நேற்றிலிருந்து மெடிக்கல் லீவு. இன்று டிபன் கேரியரை மேசைமேல் வைத்து, "பேட்டரிக்கு டப்பா வேணும்னியே" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"லீவு முடிஞ்சு ஆபீசுக்கு எதுல சாப்பாடு கொண்டுபோவீங்க?"

கேரியரின் அடி அடுக்கைக் கழற்றி நீட்டினார். "சரி, அடி அடுக்கை மட்டும் எடுத்துக்கோ. எனக்கு ரெண்டு அடுக்கு தாராளம்."

என் கல்யாணச் சீர், பித்தளை. பதினோரு வருஷமாக அடி அடுக்கில்தான் ரசம். கீழே இருந்தால்தான் ரயிலில் சிந்தாது என்பார். அதன் பக்கவாட்டில் வயர் போக ஓட்டை போட்டேன்.

3 செப்டம்பர்

இப்போதுதான் உறைக்கிறது. பிரேக், டிபன் அடுக்கு. இவர் எடுத்துக் கொடுப்பதெல்லாம் இவருக்கு இனி தேவைப்படாத சாமான்கள். தெரிந்துதான் கொடுக்கிறாரா? இல்லை, நான்தான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேனா?

14 செப்டம்பர்

எரிந்தது! பிரேக்கை அழுத்தினால் சிவப்பு வெளிச்சம், கூடவே உள்ளே பொருத்திய பழைய காலிங் பெல்லிலிருந்து கொர்ர்ரென்று ஒரு சத்தம். கட்டிலில் சாய்ந்தபடியே வாங்கிப் பார்த்தார். என்னைக் குறி பார்த்து அழுத்தினார். சிரித்துக்கொண்டேதான்.

"இப்ப சொல்லு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"அல்சர்."

வெளிச்சம் என் புடவைமேலேயே நின்றது. பிறகு விசையை விட்டார். "பேட்டரி வீக்கா இருக்கு தபீதா. மாத்திடு."

புது பேட்டரி. காலையில்தான் போட்டேன்.

அவருக்குத் தெரியும். தெரியும். அப்பவே சொல்லியிருக்கலாமே — வாய் வரலியே எனக்கு.

28 செப்டம்பர்

இன்றும் சொல்லவில்லை.

18 அக்டோபர், சனி

நாடகம். டாக்சி வைத்துக் கூட்டிப்போனோம். முதல் வரிசையில் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தார்கள். மாமனார் வசனத்துக்கு ஹாலே அதிர்ந்தது. இவர் சிரிக்கவில்லை, எல்லார் வசனத்தையும் உதட்டுக்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். துப்பாக்கி எரிந்தபோது என் கையைப் பிடித்தார். பிடியில் வலுவே இல்லை.

19 அக்டோபர், ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. துப்பாக்கியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்து, "சுடுங்க" என்றேன். அவரால் அழுத்த முடியவில்லை. அவர் விரலின்மேல் என் விரலை வைத்து நானே அழுத்தினேன். வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. சொன்னேன். கட்டி, கல்லீரல், மூன்று மாதம், எல்லாவற்றையும்.

"அன்னிக்கே அண்ணன் மூஞ்சியப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். "நீ சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னார். "இப்ப நீ கேளு."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்."

இரண்டு பேரும் அழுதோம். ஜூலையிலிருந்து தனித்தனியாக அழுதது போதும். பதினோரு மணிக்குக் கஞ்சி கொடுத்தேன், அரை தம்ளர் குடித்தார்.

10 நவம்பர்

சனிக்கிழமை காலை ஆறேகால் மணி. நேற்று சாயங்காலம் அடக்கம்.

15 ஜூன் 1987, திங்கள்

அவர் ஆபீசிலேயே கருணை அடிப்படையில் எனக்கு வேலை. இன்று முதல் நாள்.

நேற்று துப்பாக்கியிலிருந்து அந்த அடுக்கை மட்டும் கழற்றினேன். காலையில் எட்டு மணி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் சோறு, பொரியல், அடியில் ரசம் என்று கை தன்னால் கட்டிவிட்டது. பல்லாவரம் தாண்டியதும் லேடீஸ் பெட்டியில் பக்கத்திலிருந்த பூக்காரம்மா, "இன்னாம்மா, உன் கேரியர் ஊத்திகினு கீது பாரு!" என்று கத்தினாள். குனிந்து பார்த்தால், வயருக்குப் போட்ட ஓட்டை. மறந்தே போய்விட்டேன். வீட்டில் ஊற்றும்போது ரசம் ஓட்டைக்குக் கீழே நின்றிருக்கிறது, ரயில் குலுக்கிவிட்டது. முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் மீனம்பாக்கம், பரங்கிமலை, கிண்டி வரை அழுகையை நிறுத்த முடியவில்லை. ரசத்துக்கா அழுவுற என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மத்தியானம் பக்கத்து சீட் நாகலக்ஷ்மி பார்த்துவிட்டு, "ஈயம் வெச்சு அடைச்சிடுங்கக்கா, எங்க தெருவுல ஆள் இருக்கு" என்றாள். எனக்கே சால்டரிங் தெரியும், இரண்டு நிமிஷ வேலை என்று அவளிடம் சொல்லவில்லை.

நாளையிலிருந்து அடி அடுக்கில் சோறு வைக்கிறேன். ரசம் மேலே போகட்டும்.