மாடியில் ஒருவர்

ஒக். 6, திங்கள்

ஆபிரிக்கப் பக்கத்துச் சுடுகாற்று. வாயெல்லாம் புழுதி. காயப்போட்ட விரிப்பு மஞ்சளாகிவிட்டது. திரும்பத் தோய்த்தேன்.

மத்தியானம் நே. கனடாக் குடிவரவுத் திணைக்களக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததற்குக் கொடுத்த சான்று போதாதாம். முப்பது நாளுக்குள் இன்னும் வேண்டும். விசா முகவர் கந்தோரில் பத்தொன்பது நாள் அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. மிச்சம் பதினொன்று.

கலியாணப் பதிவு எங்களுக்கு முடியாது. நே.யின் முதல் மனைவி வவுனியாவில், விவாகரத்து வழக்கு எட்டு வருடமாகத் தவணையில். பதியாவிட்டாலும் ஒரே வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் குடும்பமாக இருந்தோம் என்று காட்டினால் அவர் என்னைக் கனடாவுக்குக் கூப்பிடலாம். அவர் கனடாப் பிரசை. இங்கே பல்லரோச் சந்தையில் தன் அண்ணனின் கடைக்கு உதவ வந்தவர். தகப்பன் விழுந்ததால் மாசியில் கனடாவுக்குத் திரும்பிப் போனார். இருந்தது இரண்டரை வருடம், இதே நாலாம் மாடியில், என்னோடு.

கையில் இருப்பவை:
வாடகை ஒப்பந்தம் – இல்லை.
கரண்ட் பில் – வீட்டுக்காரி பெயரில்.
அவருடைய கடிதங்கள் – எல்லாம் அண்ணன் வீட்டு விலாசத்துக்கு. அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான்.
படம் – நாளைக்குத் தேட வேண்டும்.
பனடோல் முடிந்துவிட்டது.

ஒக். 7, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் வீட்டுக்காரி சிஞ்ஞோராவைப் பிடித்தேன். ஒரே ஒரு வரி, இரண்டு பேரும் இங்கே இருந்தவர்கள் என்று. நே.யை மகன் மாதிரி வைத்திருந்தவர், குழாய் உடைந்தாலும் பல்ப் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார். கடதாசி என்றதும் முகம் மாறிவிட்டது. வாடகையைப் பதியாமல் வாங்குகிறவர், பயம். தனக்கு ஒன்றும் தெரியாதாம். கையில் இரண்டு எலுமிச்சம்பழம் தந்து கதவைச் சாத்தினார்.

நான் பராமரிக்கும் கிழவி இன்று மூன்று தரம் என் பெயரைக் கேட்டார். மூன்று தரமும் சொன்னேன். மலர். மலர். மலர்.

ஒக். 8, புதன்

படங்கள். ஃபோனில் நாலாயிரத்துக்கு மேல். மொண்டெல்லோ கடற்கரையில் நான். அதே இடத்தில் அவர். இரண்டு பேரும் ஒன்றாக – இல்லை. கோயில் திருநாள் படத்தில் அவர் எனக்கு நாலு பேர் தள்ளி, யாரோ போல வானத்தைப் பார்த்துக்கொண்டு. ஒளிப்பதற்குப் பரிசு கொடுத்தால் முதல் பரிசு எங்களுக்குத்தான். ஒரு படத்தில் மட்டும் கதவடியில் இரண்டு சோடிச் செருப்பு. எடுத்தது செருப்பை இல்லை, பூனையை.

முகவர் கந்தோர்ப் பிள்ளை ஃபோனில்: "அன்ரி, சொந்தக்காரர் எழுதினா அவ்வளவு எடுபடாது. உங்கள் ரெண்டு பேரையும் ஒரு வீட்டிலை கண்ட வெளியாள் ஒருத்தரும் இல்லையா?"

அன்ரியாம். எனக்கு நாற்பத்தொன்று.

பிறகு நே. எடுத்தார். சண்டை.

"எத்தினை தரம் சொன்னனான், என்ரை பேரையும் வீட்டிலை பதியும் எண்டு. உமக்குக் கோயில் ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டதுதானே பெரிசு."

"ஓம், பெரிசுதான். நீங்கள் அண்டைக்கு அதுக்கு ஓமெண்டு சொன்னீங்கள்தானே?"

"உங்கடை மாதா வீட்டுக்கு வந்தா நான் மாடிக்கு. மூண்டு வருசமும். உடுப்புக் கொடிக்குக் கீழை நிண்டு நுளம்புக் கடி வாங்கினன்."

நான் வைத்துவிட்டேன். பொய்யா சொன்னார்? ஒவ்வோர் ஒக்டோபரும் மாதா சுரூபம் எங்கள் ஆட்களின் வீடு வீடாக வரும், ஒரு வீட்டில் ஒரு நாள், செபமாலை சொல்லி, தேத்தண்ணி குடித்துப் போவார்கள். நான் அவரை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பேன்.

பழைய டயரிகளைப் புரட்டினேன், அதையாவது அனுப்பலாமே என்று. "மீன், இரண்டு பேருக்கு." "நே. தடிமன்." எங்கேயும் முழுப் பெயர் இல்லை. எனக்கே ஒளித்து எழுதியிருக்கிறேன்.

ஒக். 9, வியாழன்

நித்திரை சரியில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கினேன்.

வெளியாள் என்றால் ஒருவர்தான். பிலோமினா அக்கா. மாதாவைக் கொண்டு வருகிறவர், பாடகர் குழுவுக்குத் தலைவி. போன நத்தார்ப் பெருநாளுக்கு முன் பாதரிடம் போய் என் வீட்டுக் கதையைச் சொன்னவர். பாதர் மெல்லமாகத்தான் சொன்னார்: "கொஞ்ச நாளைக்குப் பாட வேண்டாம், பின் வாங்கிலை இரும் பிள்ளை." பதினைந்து வருடம் பாடினேன். அந்த நத்தாருக்குப் பின் வாங்கில் இருந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவவிடம் போய்க் கேட்பதா? மாட்டேன்.

நே. ஒரு செய்தி மட்டும்: "சாப்பிட்டீரா?" பதில் போடவில்லை.

பின்னேரம் போட்டேன். "ஓம்."

நாளைக்கு மாதா இங்கே வருகிற முறை. பட்டியலில் இருந்து என்னை வெட்டவில்லை, ஏனென்று தெரியாது. ரோல்ஸ் சுட வேண்டும். மிச்சம் எட்டு நாள்.

ஒக். 10, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. ஆறு மணிக்கு வந்தார்கள், ஏழு பேர். செபமாலை. நான் சொன்ன மங்கள வார்த்தைச் செபம் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எல்லோரும் இறங்கிப் போக, பிலோமினா அக்கா மட்டும் மேசையில் ஒரு பழைய கொப்பியை விரித்துக்கொண்டு இருந்தார். ஒவ்வொரு வீட்டையும் அதில் எழுதுவார், எல்லோருக்கும் தெரியும். நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

கேட்டுவிட்டேன். நின்றபடி, சுற்றி வளைக்காமல். பாதரிடம் என்னைப் பற்றிச் சொன்னதைக் கனடாவுக்கும் எழுதித் தருவீர்களா என்று. குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னனான்தான். பிழையெண்டு எனக்குப் பட்டுது, சொன்னன். இப்பவும் அது பிழைதான் பிள்ளை. ஆனா நடந்தது நடந்ததுதானே."

கொப்பியைப் பின்னால் புரட்டி என் பக்கம் திருப்பினார். மூன்று ஒக்டோபர். திகதி, வீடு, இருப்போர், எதற்காகச் செபிப்பது என்ற கருத்து எனக் கோடு போட்டு, ஊதா மையில்.

முதல் வருடம்: மலர் வீடு. இருப்போர் 2. மாடியில் ஒருவர்.
அடுத்த வருடம்: இருப்போர் 2. கந்தையா சிவநேசன், மாடியில்.
போன வருடம்: இருப்போர் 2. சிவநேசன் மாடியில். மழை.

நான் இந்த டயரியில் எழுதாத பெயர், அவவுடைய கொப்பியில் முழுதாக.

"பேர் எப்பிடித் தெரியும்?"

"தெருவிலை இருந்து பாத்தா ஆள் மேலை நிக்கிறது தெரியும். பேரைச் சந்தையிலை அவரின்ரை அண்ணரைக் கேட்டன். பேர் தெரியாமல் எப்பிடிச் செபிக்கிறது? மாதா வந்தா அந்த வீட்டிலை இருக்கிற எல்லாருக்கும்தான். மாடியிலை நிண்டா வீட்டிலை இல்லையெண்டு ஆகுமே?" பிறகு மழை என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தார். "அண்டைக்கு மன்றாட்டுமாலையைப் பாதியிலை நிப்பாட்டினனான். மனுசன் நனையுது எண்டு. நீர் கவனிக்கேல்லை."

கவனிக்கவில்லை. அன்று அவர் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தது மட்டும் ஞாபகம்.

அழுதேன். அவவுக்கு முன்னால் அழுததற்குக் கோபமும் வந்தது. பாடகர் குழுவை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அவவும் மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்று பக்கத்தையும் படம் எடுத்தேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைப்பாராம். "கண்டதைத்தான் எழுதுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

பிறகு இந்த வருடத்துப் பக்கத்துக்கு வந்து பேனையைத் திறந்தார். மலர் வீடு. இருப்போர் –

ரண்டு என்று போடுங்கோ அக்கா என்று வாய் வரைக்கும் வந்தது.

1 என்று எழுதினார். வேறு என்ன எழுதுவது. மாசியில் இருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பைதான் கழுவுகிறேன், ஆனாலும் அதை எழுத்தில் இன்றுதான் பார்த்தேன்.

"செபக் கருத்து என்ன போட?"

நான் தேத்தண்ணியை அவ பக்கம் தள்ளினேன். அவவே எழுதிவிட்டு மையை ஊதி, கொப்பியை மூடாமல் வைத்து, தேத்தண்ணியை எடுத்தார். தலைகீழாக வாசித்தேன்.

அடுத்த வருடம் இந்த வீட்டில் எவரும் இல்லாதிருக்க.