திரும்பத் திரும்பச் சொன்னால் கேட்காது

மார்ச் 4

அக்காவின் பந்தயக் காரில் இன்று எங்கள் கம்பெனி பெயரை ஒட்டியாயிற்று. கதவு முழுக்க. ஹெட்போன் செய்கிற, மொத்தமே ஒன்பது பேர் வேலை பார்க்கிற கம்பெனி. முதலாளிக்குப் புல்லரித்துவிட்டது.

"இந்த வேகத்துல போனா நம்ம பேரு எவன் கண்ணுக்கும் தெரியாது சார்" என்றேன்.

"டிவியில ஸ்லோமோஷன்ல காட்டுவாங்கம்மா."

இந்த ஸ்பான்சரைப் பிடித்துக் கொடுத்தது நான். மற்ற டிரைவர்களுக்கு அப்பா இருக்கிறார், அப்பாவுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. அக்கா ஏழு வருஷம் கூரியர் வேன் ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் டயரில் கொட்டியவள். முதலாளி ஒரே நிபந்தனை போட்டார். ஹெல்மெட்டுக்குள் எங்கள் புது இயர்போனைத்தான் மாட்ட வேண்டும். என்ஜின் இரைச்சலை நீக்கிவிட்டு, ரேடியோவில் பேசுகிறவர் குரலை மட்டும் காதுக்குக் கொடுக்கும். சோதித்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

மார்ச் 9

பயிற்சி ஓட்டம்.

வளைவுக்கு அப்பால் ஒரு கார் சுழன்று நின்றுவிட்டது. நான்கைந்து பேர் தடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுகிறவளுக்கு அது தெரியாது, ரேடியோவில்தான் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ரேடியோ பேசுகிறவர் மிக்சி அண்ணன். முதல் நாளிலிருந்து அவளுடைய மெக்கானிக். குரல் ஒரே சுருதியில் ஓடும், அதனால் அந்தப் பெயர்.

அக்கா வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஒருவர் சுவரேறிக் குதித்தார். ஒரு சாண் இடைவெளி.

"ஏண்ணே சொல்லல?" ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கத்தினாள்.

"மெதுவா மெதுவா மெதுவான்னு தொண்ட கிழியக் கத்தினேனேம்மா!"

"ஒண்ணுமே வரல. தூங்கிட்டீங்களா?"

அவர் முகம் செத்துப்போனது. அவர் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

மார்ச் 10

சோதித்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்க்காமல் இருக்கவும்.

மார்ச் 11

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், அன்றைக்குப் பதிவான ரேடியோப் பேச்சைக் கருவிக்குள் விட்டுக் கேட்டேன்.

"டயர் எப்படிம்மா இருக்கு" — தெளிவாக வருகிறது. "பின்னாடி வர்றது பெரிய வீட்டுப் பிள்ளை, இடிச்சாலும் இடிப்பான்" — வருகிறது. அடுத்து "மெ" என்று ஒரு எழுத்து. பிறகு அமைதி.

கருவியைக் குறை சொல்ல முடியாது. மாறாமல் திரும்பத் திரும்ப வருவதெல்லாம் இரைச்சல், அதை நீக்கு என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். சோதித்தபோது பாட்டுப் போட்டோம், கதை பேசினோம், ஜோக் அடித்தோம். ஆபத்து வந்தால் மனுஷன் ஒரே சொல்லை ஒரே குரலில் கத்துவான் என்று ஏசி அறையில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரட்டையெல்லாம் போய்ச் சேரும், எச்சரிக்கை மட்டும் சேராது. சேரவில்லை என்பதும் அக்காவுக்குத் தெரியாது — யாரும் பேசாத மாதிரிதான் இருக்கும்.

மார்ச் 12

முதலாளியிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"சரி பண்ண எத்தன நாள்?"

"மூணு வாரம் சார்."

"ஞாயித்துக்கிழமை பந்தயம்மா." கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டினார். "அந்த மிக்சிய மாத்திடுவோம். நீ பேசு. உனக்குத்தான் இதோட குணம் தெரியுமே. ஒரே வார்த்தைய ரெண்டாவது தடவ சொல்லாத, முடிஞ்சுது."

"அக்காகிட்ட சொல்லிடறேன் சார்…"

"தாராளமா சொல்லு. அவங்க இயர்போன கழட்டினா நான் காசக் கழட்டிக்குவேன். அப்புறம் எந்த டயர்ல ஓடுவாங்க?"

மிரட்டல்தான். ஆனால் சாத்திய கதவை அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பணக்காரன் விளையாட்டுக்குள் நுழைய ஆசைப்பட்ட ரெண்டு சின்ன ஜனங்கள், ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்திக்கொள்கிறோம்.

மார்ச் 13

மிக்சி அண்ணனை அக்காவே நிறுத்திவிட்டாள். "வெட்டிக் கதைன்னா வாய் ஓயாது, வேணுங்கற நேரத்துல பேச்சு வராது."

என்னிடம், "நீ பேசுடி. நீ சொன்னா கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்றாள்.

மிக்சி அண்ணன் ரேடியோவை என் கையில் கொடுத்தார். "வண்டியப் பாத்துக்கிட்டே நிக்காத. வண்டிக்கு முன்னாடி ரோட்டப் பாரு" என்றார். போகும்போது, "நான் சொல்லத்தான்மா செஞ்சேன்."

தெரியும்ணே. தெரியும். இதை இங்கே எழுதி என்ன புண்ணியம், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லை.

மார்ச் 15

மனப்பாடம் செய்கிறேன். மெதுவா. பிரேக் போடு. காலை எடு. ஆள் நிக்கிறான். இடது பக்கம் போ. குரலை ஏற்றி ஒன்று, இறக்கி ஒன்று.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி தனியா பேசிக்கிட்டிருக்க?"

"அக்காவத் திட்டப் பழகறேம்மா."

"அதுக்குக்கூடப் பழகணுமா உனக்கு?"

சிரித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மார்ச் 17

பதினெட்டாம் சுற்றுவரை நன்றாகத்தான் பேசினேன். ஒன்பதாவது இடத்திலிருந்து ஐந்தாவதுக்கு வந்திருந்தாள். "எப்படிடி இருக்கு உங்கக்கா ஓட்டறது?" என்று கேட்டாள். "எருமை மாடு மாதிரி" என்றேன். சிரித்தாள்.

வளைவில் இரண்டு கார்கள் மோதிக் குறுக்கே நின்றன. நான் பார்த்துவிட்டேன். நேரம் இருந்தது. சத்தியமாக நேரம் இருந்தது. மனப்பாடம் செய்த ஐந்தும் தொண்டைக்குள் இருந்தன. வெளியே வந்தது என்ன? அக்கா அக்கா அக்கா அக்கா.

அவள் காலை எடுக்கவே இல்லை.

மார்ச் 18

ஆஸ்பத்திரி. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. தோள்பட்டையும். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். அவர் சொன்னதை நம்ப மூன்று தடவை கேட்டேன்.

முதலாளியின் போன். "டிரைவர் தப்புன்னுதான் எல்லாரும் பேசறாங்க. நீ எதையும் குழப்பாத."

மார்ச் 20

அக்காவிடம் சொல்லிவிட்டேன். 11ஆம் தேதியே எனக்குத் தெரியும் என்பதையும்.

அடிப்பாள் என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அண்ணன வரச் சொல்லு. நீ வெளிய போ" என்றாள்.

மார்ச் 21

பந்தயம் நடத்துகிறவர்களின் விசாரணைக் குழுவிடம் ரேடியோப் பதிவு, சோதனைத் தாள், முதலாளி சொன்னது, நான் ஒத்துக்கொண்டது — எல்லாவற்றையும் கொடுத்தேன். வேலை போயிற்று. கருவியைத் தடை செய்வார்களாம். பயம் போகும் என்று பார்த்தேன். போகவில்லை.

மார்ச் 26

ஆறு நாளாக அக்கா என்னிடம் பேசவில்லை. மிக்சி அண்ணன் தினமும் வந்து கட்டில் பக்கத்தில் உட்காருகிறார். நான் வராந்தா பெஞ்சில். என்ன வேண்டுமானாலும் மணியை அழுத்தி நர்ஸைத்தான் கூப்பிடுகிறாள்.

இன்று மதியம் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். மணி அடித்தது. நர்ஸ் வரவில்லை. மறுபடி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "ஏய், தண்ணி" என்றாள்.

பெயர் சொல்லவில்லை. எழுந்து போனேன்.