திரையின் மூலையில் உன் முகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கு மூவரும் நலம். நீ நலமென்று உன் மடல் சொல்கிறது, உன் மனத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, அது கிடக்கட்டும். உங்கள் மருந்துக் கிடங்கின் முகவரிப் பட்டியலைக் கடைசி நேரத்தில் திருத்தியவர் உன் மேலாளர், மருந்து இடம் மாறிப் போனதும் பழியைப் பொதி கட்டும் பெண்மேல் போட்டவரும் அவரே. உண்மை அறிந்த நீ காணொளிக் கூட்டத்தில் அதைச் சொல்லாமல், திரையின் மூலையில் தெரிந்த உன் முகத்தையே பார்த்திருந்தாயாம், பதற்றம் தெரியவில்லை என்று நிம்மதி கொண்டாயாம். உன் முகம் தப்பியது மகளே, அவள் தப்பவில்லை.

கடிந்துகொள்ள எனக்கும் முழுத் தகுதி இல்லை. சென்ற மாதம் என் தொழிற்சங்க மேடைப்பேச்சைத் தம்பி அலைபேசியில் பதிந்து காட்டி, "என்னம்மா, கொசு அடிக்கிற மாதிரி கைய வீசுறே" என்று சிரித்தான். அடுத்த ஆலைவாயில் கூட்டத்தில் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டேன், ஒவ்வொரு சொல்லையும் நாவிலேயே நிறுத்தி எடைபோட்டேன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட மூவரைத் திரும்பச் சேர் என்று முழங்கப் போனவள், எண்ணிப் பார்க்கலாமே என்று குழைந்துவிட்டு இறங்கினேன். நெசவுப் பிரிவுப் பெண் ஒருத்தி அருகில் வந்து, "உடம்புக்கு முடியலையாக்கா? இல்ல, ஆபீஸ்ல கூப்பிட்டு ஏதாவது பேசினாங்களா?" என்றாள். முப்பதாண்டு மேடையேறியவள் விலைபோனாளோ என்று ஐயுற்றாள். மறுநாளே அதே வாயிலில் நாற்காலிமேல் ஏறினேன். கை எங்கே பறந்தது என்று நான் பார்க்கவில்லை, மூவர் பெயரும் மதிலைத் தாண்டிப் போயின. நிர்வாகத்தின் விடை இன்னும் வரவில்லை, வரும்வரை அந்த நாற்காலி அங்கேதான் கிடக்கும்.

அவையறிந்து பேசுவது அறிவு, மறுக்கவில்லை. மருத்துவரிடம் பேசுவதுபோல் மாமியாரிடம் பேச முடியுமா. ஆனால் உன் கண் எந்நேரமும் உன்னையே காவல் காத்தால் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பது யார். வியாழக்கிழமை அந்தப் பெண்மேல் நடக்கும் காணொளி விசாரணையில் உன் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடு, அதற்கு வழியுண்டு என்கிறான் தம்பி. அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே, திருத்தியவர் யாரென்று சொல். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், மூக்கு சிவந்தால் சிவக்கட்டும்.

பத்து மணிக்கு விசாரணை, வெறும் வயிற்றோடு உட்காராதே. நெஞ்சுரம் குன்றாமல் நெடிது வாழ்க. வேலை போனால் போகட்டும், இங்கே உன் அறையில் அடைத்து வைத்திருக்கும் பழைய மிதிவண்டிகளை வெளியேற்று என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். "அக்கா வேலை போகலேன்னா திரும்ப உள்ள வெச்சுக்கலாமா" என்று கேட்டபடியே உருட்டிக்கொண்டிருக்கிறான்.

என்றும் உன் பக்கம் நிற்கும்
அம்மா